பஸ்ஸா, ரயிலா, வாடகை வேனா? காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு ஒரு நாள்

செட்டிநாட்டில் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போகலாம் என்றாலே பேச்சு வாடகை வேனில் போய் நிற்கிறது. "பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படி அப்பா?" என்று அப்பத்தா கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த ஊருக்குப் போகிறோம் என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் முதலில் பார்ப்பது, திரும்பி வர என்ன வண்டி இருக்கிறது என்பதைத்தான். காலையில் போவதற்கு எப்படியும் வழி கிடைத்துவிடும். இருட்டிய பிறகு தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் நிற்பதுதான் நாளையே கெடுக்கிறது.

குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் வேன் பிடிப்பது வீண் செலவு என்பேன். இரண்டும் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. திருப்பத்தூர்ப் பக்கம் போகும் வண்டிகளுக்கும் குறைவில்லை. அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 5 வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் இல்லை. அப்பத்தா, அம்மா, அத்தை, ஒரு சின்னப் பிள்ளை என்று கிளம்பினால் காசு கொடுக்க வேண்டியவர் கூட வரும் ஆண் மட்டும்தான். கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துநர் பெண்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார். இறங்கும் வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தனியார் பஸ்ஸிலும் புறநகர் வண்டியிலும் பெண்களுக்கான இந்தச் சலுகை செல்லாது. அவசரத்தில் வந்த வண்டியில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாக்குவாதம் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறும்போதே கேட்டுவிட்டால் அந்தச் சங்கடம் வராது. கூடவே, "கோயில் வரைக்கும் போகுமா, விலக்கில் இறக்கிவிடுவீர்களா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டிவலிக்காரர் கூட இருந்தால் இதை விட்டுவிடக் கூடாது.

இந்தப் பயணத்தில் குன்றக்குடிதான் முதலில் வர வேண்டும். படியேறிப் போகும் மலைக்கோயில். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலைக் கல்லில் வைக்க முடியாது. சண்முகநாதரைக் காலையிலேயே பார்த்து இறங்கிவிட்டால், நடை சாத்துவதற்குள் பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகரையும் நிதானமாகப் பார்க்கலாம். அது குடைவரைக் கோயில். வெளியே வெயில் கொளுத்தும்போது பெரியவர்களுக்கும் அதுவே வசதி. தைப்பூசம், பங்குனி உத்திரம், விநாயகர் சதுர்த்தி நாட்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று எந்த வண்டியில் போனாலும் கைக்குழந்தைக்குக் கஷ்டம்தான்.

திருமயத்துக்கும் பஸ்தான். புதுக்கோட்டைச் சாலையை ஒட்டியே கோட்டை இருக்கிறது; பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுவார்கள். ரயில் நிலையமும் இருக்கிறது, நிற்கும் வண்டிகள்தாம் குறைவு.

ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்றால் என் முடிவு மாறிவிடும். இங்கே வேனுக்கே என் ஓட்டு. செட்டிநாடு என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் ரயிலில் வந்து இறங்குவதால் செட்டியார்களின் பழைய பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் வேலை முடிவதில்லை. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே உச்சிவெயிலில் நடக்க நேரிடும். கிராமத்துப் பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று டீக்கடையில் விசாரிக்க வேண்டியிருக்கும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. கண்ணாடிப் பலகைமேல் இரும்பு அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குவார்கள். பூ அப்படியே நிற்கும். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம் பளபளவென்று வந்துவிடுகிறது. பிள்ளைகள் அங்கிருந்து லேசில் நகர மாட்டார்கள், நகர்த்தவும் கூடாது. நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில்கள் ஒன்பதையும் சுற்றுவதற்கும் இதே கணக்குதான். வேன் வாடகை கனமாகத் தெரிந்தால் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் படி, காத்திருப்புக் கட்டணம் இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

ராமேசுவரத்தில்தான் உண்மையான போட்டி. போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்பது என் தேர்வு. திருச்சியிலிருந்து ராமேசுவரம் செல்லும் பகல் ரயில் காலையில் காரைக்குடிக்கு வருகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட். கட்டிக்கொண்டு போன புளியோதரையை மடியில் வைத்துச் சாப்பிடலாம், பிள்ளைகள் எழுந்து நடமாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள பெரியவரைப் பல மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ரயிலைச் சொல்ல இன்னொரு காரணம், பாம்பன் கடல் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை, ராமேசுவரத்துக்கு ரயிலில் போகவே வழியில்லை. இப்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் போகும் பஸ்ஸிலிருந்தும் கடல் தெரியும். ஆனால் ரயிலில் கடல் ஜன்னலுக்குக் கீழேயே ஓடுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

இந்தப் பகல் ரயிலில் ஒரு சிக்கல் உண்டு. நண்பகலை ஒட்டிப் போய்ச் சேருவதால் கோயில் நடை சாத்தும் நேரம் வந்துவிடும். அதே ரயிலில் திரும்ப நினைத்தால் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடித் தரிசனமும் முடிக்க நேரம் போதாது. சாப்பிட்டுச் சற்றே இளைப்பாறி, பிற்பகலில் நடை திறந்ததும் நிதானமாகக் கும்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பலாம். மாலையில் சென்னைக்குக் கிளம்பும் விரைவு ரயில்களும் காரைக்குடி வழியாகத்தான் போகின்றன. அவற்றில் முன்பதிவு கிடைத்தால் பஸ்ஸை விட அதுவே மேல். நேரங்கள் அவ்வப்போது மாறுவதால், முதல் நாளே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்குப் போக யோசிக்கவே வேண்டாம். மானாமதுரையைச் சுற்றிக்கொண்டு ரயிலில் போவதை விட, திருப்பத்தூர், மேலூர் வழியாக பஸ்ஸில் போவதே நேர்வழி. மாட்டுத்தாவணியில் இறங்கியதும் காரைக்குடி வண்டிகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்கு டவுன் பஸ் ஏறுங்கள்.