மஸ்டாங் வெற்று உலோக ஸ்கின்: உடல் அருமை, இறக்கைதான் குறை

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர் விமானமான பி-51டி மஸ்டாங்குக்கு நல்ல வெற்று உலோக ஸ்கின் (கணினியில் பறக்கும் விமானத்தைப் பெயின்ட் அடிக்காத அலுமினியமாகக் காட்டும் வெளித்தோற்றம்) தேடிப் பல மாதங்கள் போய்விட்டன. எதைப் போட்டாலும் விமானம் முழுக்கக் குரோம் பூசிய சைலன்சர் மாதிரி மின்னும். 1944-இல் இங்கிலாந்தில் மழையிலும் சேற்றிலும் நின்ற போர் விமானம் அப்படி இருந்திருக்காது. போன வாரம் 4 ஸ்கின்கள் உள்ள ஒரு தொகுப்பை 450 ரூபாய்க்கு வாங்கி, விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஏழெட்டு மணி நேரம் பறந்து பார்த்தேன்.

முதலில் உடல் பகுதி. இவ்வளவு நன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை. தகட்டுக்குத் தகடு வித்தியாசம் காட்டப் பலரும் சாம்பல் நிறத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். அலுமினியத்தின் நிறம் எல்லாத் தகட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தகடு உருட்டப்பட்ட திசையும் மேற்பரப்பின் சொரசொரப்பும்தான் மாறும். இந்தத் தொகுப்பைச் செய்தவர் நிறத்தைத் தொடாமல் சொரசொரப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். காலை வெயிலில் விமானத்தைச் சுற்றிக் கேமராவை நகர்த்துங்கள்: ஒரு தகடு பளிச்சென்று எரியும், பக்கத்துத் தகடு இருண்டு கிடக்கும், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். அசல் உலோகம் இப்படித்தான் நடந்துகொள்ளும். வால் சுக்கான் துணி போர்த்தியது என்பதையும் மறக்காமல், அதை மங்கிய வெள்ளிப் பெயின்ட்டாக விட்டிருக்கிறார். விமானிக்குக் கண் கூசாமலிருக்க விமானத்தின் மூக்குப் பகுதி மேல் அடித்த ஆலிவ் நிறப் பட்டையிலும் துளி மினுமினுப்பு இல்லை.

அப்புறம் இறக்கைக்கு வந்தால் மனசு விட்டுப்போகிறது. மஸ்டாங்கின் இறக்கை வெற்று உலோகமே இல்லை. காற்று சீராக வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக, தொழிற்சாலையிலேயே ரிவெட்டுகளுக்கும் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள்) இணைப்புகளுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். இந்தத் தொகுப்பிலோ இறக்கை கண்ணாடியாக ஜொலிக்கிறது, ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இன்றைக்குக் கண்காட்சிகளில் பறக்கும் மஸ்டாங்குகள் பலவற்றை மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, திருத்த முடியுமா? முடியும். இந்த சிமுலேட்டரில் மேற்பரப்பு ஒளியை எப்படிக் காட்டும் என்பதைச் சொல்லும் படக் கோப்பு காம்ப் டெக்ஸ்சர். அதன் மூன்று நிற அடுக்குகளில் (சேனல்கள்) சிவப்பு நிழலுக்கு, பச்சை சொரசொரப்புக்கு, நீலம் உலோகத்தன்மைக்கு. அதை ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, இறக்கைப் பகுதியில் மட்டும் நீலத்தைப் பாதியாகக் குறைத்தேன். பெயின்ட்டில் அலுமினியத் தூள் இருப்பதால் சுத்தமாக எடுக்கவில்லை. பச்சையை நன்றாக ஏற்றினேன். இறக்கையின் முன்பகுதி ரிவெட்டுகளை மேடு பள்ளங்களைக் காட்டும் படமான நார்மல் மேப்பில் அழித்தேன். ஒரு மாலை நேர வேலைதான். இப்போது பளபளக்கும் உடலும் பால்போல மங்கிய இறக்கையும் சேர்ந்து, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்த அதே மஸ்டாங்.

செய்தவருக்கும் இதை எழுதியிருக்கிறேன். சேனல் மாற்றத் தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்குங்கள், அந்த உடல் பகுதிக்கே 450 ரூபாய் தகும். தெரியாதவர்கள் இறக்கையைத் திருத்தி வெளியிடும்வரை பொறுத்திருங்கள்.