கோத்தகிரி வீட்டு சர்வரும் டக்டிஎன்எஸ் சேவையும்

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்கம்பிமேல் மரம் சாய்வதும் மின்சாரம் போவதும் வழக்கம். மின்சாரம் வந்து ரூட்டர் மறுபடி இணையும்போது, பெரும்பாலும் வீட்டின் ஐபி முகவரி மாறியிருக்கும். எங்கள் வீட்டில் சர்வராக ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் குடும்பப் படங்களும் தேயிலைத் தோட்டத்தின் மழைக் கணக்கும் உள்ளன. கோவையில் படிக்கும் மகள் அவற்றைத் திறப்பதற்கு ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாறும் ஐபி முகவரியை மாறாத ஒரு பெயரோடு இணைத்துவைக்கும் டக்டிஎன்எஸ் (DuckDNS) அந்த வேலையை ஒழித்தது.

இது கட்டணமில்லாத சேவை. ஒரு கணக்கில் ஐந்து பெயர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். பெயரைப் பதிந்து, நம் கணக்குக்குத் தரப்படும் டோக்கன் என்ற ரகசியக் குறியீட்டைச் சேர்த்து, தற்போதைய முகவரியை டக்டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவிக்கும் கர்ல் (curl) கட்டளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி, கட்டளைகளை நேரப்படி இயக்கும் கிரானில் (cron) ஒரு வரி எழுதினால் போதும். டோக்கனை அறிந்த எவரும் அந்தப் பெயரை வேறு முகவரிக்குத் திருப்பிவிட முடியும் என்பதால், அதைக் கடவுச்சொல்லைப் போலவே காக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் சர்வர் வெளியிலிருந்து எட்டவில்லை. கிரான் பதிவிலோ ‘ஓகே’ என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. ரூட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, 100.72 என்று தொடங்கியதைப் பார்த்த பிறகுதான், இணைய நிறுவனம் முன்னறிவிப்பின்றி எங்களை சிஜிநாட் (CGNAT) என்ற ஏற்பாட்டுக்குள் மாற்றியிருப்பது புரிந்தது. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் இந்த ஏற்பாட்டில், டக்டிஎன்எஸ் அந்தப் பொது முகவரியைச் சரியாகவே பதிகிறது. ஆனால் அங்கு வந்து சேரும் அழைப்பை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை நம் ரூட்டரில் செய்தாலும் பயனில்லை. ஆகவே, பதிவு செய்யும் முன்பே வான் முகவரியைப் பார்த்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் புதிய முறையான ஐபிவி6 எங்கள் இணைப்பில் இருந்ததால் வழி பிறந்தது. அந்த முகவரியை டக்டிஎன்எஸ் தானாகக் கண்டுபிடிக்காது. கட்டளையில் நாமே எழுதித் தர வேண்டும். ரூட்டருடையதை அல்ல, சர்வரின் சொந்த முகவரியையே, அதிலும் அடிக்கடி மாறும் தற்காலிக முகவரியை விலக்கி நிலையானதைத் தர வேண்டும். ரூட்டரின் ஃபயர்வாலில், வெளியிலிருந்து வீட்டுக்குப் பாதுகாப்பாக இணைக்கும் வயர்கார்டு (WireGuard) மென்பொருளுக்கு உரிய 51820 என்ற யூடிபி போர்ட்டை மட்டும் திறந்தேன். மகளின் கைப்பேசி டேட்டாவிலிருந்து இப்போது உடனே இணைகிறது. ஐபிவி6 இல்லாத விடுதி வைஃபையில் இன்னும் இணைவதில்லை.