எட்ராடவரா, ஸ்பிரிங்பேங்கா? சின்ன வடிசாலை மால்ட்டில் எதை வாங்கலாம்

பழைய முறையில் செய்கிற சின்ன ஸ்காட்ச் விஸ்கி வடிசாலையிலிருந்து ஒரு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டில் மட்டும் செய்த விஸ்கி) வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் முதலில் வருகிற பதில் எட்ராடவர். நானும் சில வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஸ்பிரிங்பேங்க் என்று சொல்கிறேன், ஏன் என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் எட்ராடவர். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிட்லாக்ரி ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது, லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு 1825. ஓடையை ஒட்டி வெள்ளையடித்த கட்டடங்கள், சிவப்புக் கதவுகள், பார்த்தால் பண்ணை வீடு மாதிரிதான் இருக்கும். பல காலம் மூன்றே பேர் நடத்திய இடம். அதன் இரண்டாவது செப்பு வாலை, அதாவது காய்ச்சி வடிக்கும் பாத்திரம், சுமார் 2,200 லிட்டர்தான் கொள்ளும். ஸ்காட்லாந்தின் மிகச் சிறிய வடிசாலை என்ற பெயர் ரொம்ப நாள் அதற்கு இருந்தது, அப்புறம் அதைவிடச் சின்னது பல வந்துவிட்டன. 2002-ல் சிக்னட்டரி என்ற பாட்டிலிங் நிறுவனத்தின் ஆண்ட்ரூ சைமிங்டன் இதை ஒரு பெரிய பன்னாட்டுக் குழுமத்திடமிருந்து வாங்கினார். 2018-ல் பக்கத்திலேயே இரண்டாவது வடிசாலை கட்டினார்கள், வாலைகளை அதே அளவில், அதே வடிவத்தில் செய்து வைத்தார்கள். வளர வேண்டியிருந்தபோதும் பெரிய வாலை வைக்காமல் சின்னதையே இன்னொரு ஜோடி வைத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கே பழசாக மிஞ்சியிருப்பது குளிர வைக்கிற முறை. சுடச்சுட வடிகட்டிய மால்ட் சாறு, உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்களின் மேல் திறந்தவெளியில் வழிந்து ஆறுகிறது. மோர்ட்டன் ரெஃப்ரிஜரேட்டர் என்பார்கள், மற்ற வடிசாலைகள் எப்போதோ கைவிட்டுவிட்ட சாதனம். வாலையிலிருந்து வரும் ஆவியும் குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் நீளமான செப்புக் குழாய்க்குள் போய்த்தான் திரவமாகிறது. புது மாதிரிக் குளிர்விப்பானை விட இதில் ஆவி செம்பைத் தொடுவது குறைவு, அதனால் சரக்கு கனமாக, கொஞ்சம் எண்ணெய்ப் பதமாக வரும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் பத்து வருடம் கிடந்த பிறகு உலர்திராட்சை, தேன், வறுத்த கொட்டை எல்லாம் சேர்ந்த ஒரு அடர்த்தி. 40 சதவீத ஆல்கஹாலில் வரும் பத்து வருட பாட்டில் எனக்கு நாக்கில் நீர்த்துப்போகிறது. அதே இடத்தில் பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய கரி) எரித்துப் புகையூட்டிய மால்ட்டில் செய்யும் பாலெகின், 46 சதவீதம், இதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் மால்ட்? அது வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலான வடிசாலைகளில் அப்படித்தான், தப்பில்லை. ஸ்பிரிங்பேங்க் வேறுபடுவது இங்கேதான்.

அது இருப்பது கேம்பெல்டவுனில், ஸ்காட்லாந்தின் மேற்கே கின்டைர் தீபகற்பத்தின் கோடியில் இருக்கும் துறைமுக ஊர். ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் வடிசாலைகள் இருந்த ஊரில் அந்தப் பழையவற்றில் இன்று இயங்குவது மூன்றுதான். ஸ்பிரிங்பேங்க் 1828-ல் தொடங்கியது, சில வருடத்திலேயே மிட்செல் குடும்பத்திடம் வந்தது. தனக்கு வேண்டிய மால்ட் அத்தனையையும் அதுவே செய்துகொள்கிறது. பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, முளை விடும்போது சூடேறாமலும் வேர் பின்னிக்கொள்ளாமலும் இருக்க இரவும் பகலும் ஆட்கள் கையால் புரட்டிப் போடுகிறார்கள். வீட்டில் பயறு முளைகட்டியவர்களுக்குத் தெரியும், கிளறாமல் விட்டால் ஒரு நாளில் நாற ஆரம்பித்துவிடும். டன் கணக்கில், தரை முழுக்க அதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு உலர்த்துவது. ஆறு மணி நேரம் பீட் புகை, அப்புறம் சுமார் முப்பது மணி நேரம் வெறும் சூடான காற்று என்றால் அது ஸ்பிரிங்பேங்குக்கு. நாற்பத்தெட்டு மணி நேரமும் புகையிலேயே என்றால் லாங்ரோ, இது இரண்டு முறை வடிப்பது. புகையே படாமல் உலர்த்தி மூன்று முறை வடித்தால் ஹேஸல்பர்ன். ஸ்பிரிங்பேங்கை மட்டும் "இரண்டரை முறை" வடிக்கிறோம் என்பார்கள். முதல் வடிப்பில் வந்ததில் ஒரு பங்கை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை இன்னொரு முறை வடித்து, இரண்டையும் கலந்து கடைசி வாலையில் ஏற்றுவது, அதனால் அந்த அரைக் கணக்கு. ஒரே இடத்தில், அதே மூன்று வாலைகளில், மூன்று விதமான சரக்கு. ஊறலைக் காய்ச்சும் முதல் வாலைக்கு அடியில் இன்றும் நேரடியாகத் தீ எரிகிறது. பாட்டிலில் அடைப்பதும் அதே ஊரில்தான்.

பத்து வருட ஸ்பிரிங்பேங்க் 46 சதவீதம், நிறம் சேர்ப்பதில்லை, குளிரூட்டி வடிகட்டுவதும் இல்லை. லேசான புகை, கடல் உப்பு, பேரிக்காய், அதற்கு அடியில் கொஞ்சம் இயந்திர எண்ணெய் வாசம். முதல் மடக்கில் விசித்திரமாக இருக்கும், சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

ஐலா தீவின் கில்ஹோமனையும் சிலர் இந்த வரிசையில் கேட்பார்கள். 2005-ல் அந்தோணி வில்ஸ் தொடங்கியது, பழமை இல்லை, ஆனால் பண்ணையில் பார்லி விளைவித்து ஒரு பகுதியைத் தரையில் முளைக்க வைக்கிறார்கள். அந்த பார்லியில் செய்த "100% ஐலா" பாட்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். மற்ற பாட்டில்களுக்குப் பெரும்பாலும் வெளி மால்ட்தான்.

அளவை மட்டும் பார்த்தால் எட்ராடவர்தான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாலையைச் சின்னதாக வைத்திருப்பது ஒரு தடவை எடுக்கிற முடிவு, பார்லியைப் புரட்டுவதோ ஒவ்வொரு நாளும் ஆள் வேண்டிய வேலை. கூலி கொடுத்து அந்த வேலையை விடாமல் வைத்திருக்கும் இடத்துக்கே என் காசு போகட்டும் என்று நினைக்கிறேன்.

ஸ்பிரிங்பேங்கின் பெரிய குறை, கிடைக்காது. வந்த வேகத்தில் தீர்ந்துவிடும், பிறகு மறுவிற்பனையில் இரண்டு மடங்கு விலைக்கு வரும். அந்த விலை கொடுக்காதீர்கள். அதே நிறுவனம் 2004-ல் பக்கத்தில் மறுபடி திறந்த கிளென்கைல் வடிசாலையிலிருந்து வரும் பன்னிரண்டு வருட கில்கெரன் இருக்கிறதே, அதுவும் 46 சதவீதம், அதற்கான மால்ட்டும் ஸ்பிரிங்பேங்க் தரையில் முளைத்ததுதான். அதுவும் கிடைக்கவில்லையா, சரி, பாலெகின் பத்து வருடம் வாங்குங்கள்.