எஸ்எஸ்டி மாட்டிய அன்று வந்த தொல்லையும் அதற்குப் பிறகு வந்த தொல்லையும்

வீட்டுக் கணினியில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும், பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஓடும் வேகமான டிஸ்க்) போட்டு சில வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அது உண்மைதான், ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் தரும் உதிரி பாகம் வேறு எதுவும் கிடையாது. நான் எழுத வந்தது மாட்டும்போது வரும் சிக்கல்களையும், பல மாதம் கழித்து மெதுவாகத் தலைகாட்டும் சிக்கல்களையும் பற்றி. பெரும்பாலும் டிஸ்க் மேல் பழியே இருக்காது. "தெரியவில்லை, செத்த சரக்கு" என்று திருப்பி அனுப்பும் முன் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை. விண்டோஸைத் திறந்து 'மை கம்ப்யூட்டரில் வரவில்லையே' என்று தேடுவதில் பயனில்லை, ஏனென்றால் புது டிஸ்க் அங்கே தானாக வராது. பயாஸில் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்க்கும் ஸ்லாட்டும் சரி, மீதி எல்லாம் மென்பொருள் வேலை: டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லும், ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் புதிய முறை) தேர்ந்தெடுத்து ஒரு வால்யூம் உருவாக்கினால் முடிந்தது. 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டும், அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம், எதுவும் குறையவில்லை.

பயாஸிலேயே தெரியவில்லை என்றால் எந்த வகை டிஸ்க், எந்த வகை ஸ்லாட் என்று பாருங்கள். எம்.2 என்பது மதர்போர்டில் நேராக மாட்டும் மெல்லிய பட்டை போன்ற வெறும் வடிவம்தான். அதே வடிவத்தில் சாட்டா (ஹார்டு டிஸ்க்குகளிலும் இருக்கும் பழைய இணைப்பு முறை) டிஸ்க்கும் உண்டு, என்விஎம்இ டிஸ்க்கும் உண்டு. சாட்டா வகையின் இணைப்பு முனையில் பொதுவாக இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இ வகையில் பெரும்பாலும் ஒன்றுதான். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 அழகாக உட்காரும், திருகும் போட்டுவிடலாம், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. அப்புறம், சாய்வாக நுழைத்துக் கடைசி வரை தள்ளிய பிறகுதான் அழுத்தித் திருக வேண்டும், ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் போச்சு.

எனக்கு வந்தது வேறு மாதிரி. புது எஸ்எஸ்டி உடனே தெரிந்தது, ஏற்கெனவே இருந்த ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், பவர் கேபிளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. விடை மதர்போர்டு கையேட்டில் ஒரு சின்ன அட்டவணையில் இருந்தது: அந்த எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் இருந்தால் 5, 6 ஆகிய சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. சிப்செட்டில் (மதர்போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) இருக்கும் தரவுப் பாதைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் நிறைய மதர்போர்டுகளில் இப்படிப் பங்கு போட்டிருப்பார்கள். கேபிளை முதல் போர்ட்டுக்கு மாற்றியதும் ஹார்டு டிஸ்க் வந்துவிட்டது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை பெட்டியின் மேலேயே எழுதலாம் என்பது என் கருத்து.

அடுத்து பழைய விண்டோஸைக் குளோன் செய்வது, அதாவது அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுப்பது. இதில் சிக்குகிறவர்கள்தான் அதிகம். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) வழியாக மட்டுமே பூட் ஆகும் என்விஎம்இ டிஸ்க்குக்கு அதை அப்படியே நகலெடுத்தால் பூட் ஆகாது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது, முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அதை வைத்து ஜிபிடிக்கு மாற்றிவிட்டு, பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆக உதவும் அமைப்பு) அணைத்துவிட்டு, பிறகு குளோன் செய்தால் தலைவலி குறையும். பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதை மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலிலேயே தனியாக எழுதி வையுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். குளோன் முடிந்ததும் முதல் தடவை பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டே பூட் செய்யுங்கள், இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். புதிதாக விண்டோஸ் போடுகிறவர்களுக்கு இன்ஸ்டாலரில் டிஸ்க்கே வராமல் போனால், பல இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற இன்டெலின் டிஸ்க் நிர்வாக அமைப்பு இயங்குவதுதான் காரணமாக இருக்கும். அதற்கான டிரைவரை பென்டிரைவிலிருந்து ஏற்றினால் வரும்.

சரி, இனி நீண்ட நாள் கதை. சில மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் கணினியைச் சும்மா விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் சில நொடிகள் உறைந்து நிற்கத் தொடங்கியது, ஒருமுறை நீலத் திரையும் வந்தது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு டிஸ்க் ரீசெட் ஆனதாகப் பதிவுகள். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரிவில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்ததும் பெருமளவு நின்றது, டிஸ்க் தூக்கத்திலிருந்து எழுவதில்தான் சிக்கல் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பிறகு ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்தது, போட்டதும் முழுதாகச் சரியானது. வாங்கிய அன்றே தயாரிப்பாளரின் கருவியை வைத்து ஃபர்ம்வேர் பதிப்பைப் பார்த்துவிடுவது நல்லது, பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை.

வெப்பம் இன்னொன்று. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் ஸ்லாட்டில் போட்டால் பெரிய கோப்புகளை எழுதும்போது சூடு ஏறி வேகம் தானாகக் குறையும். மதர்போர்டோடு வரும் ஹீட்சிங்க்கே போதும், அடியில் உள்ள பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டு மாட்டுங்கள். ஆனால் வேகக் குறைவுக்கு எப்போதும் வெப்பம் காரணமில்லை. டிஸ்க் முதலில் எழுதுவது எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான தற்காலிகப் பகுதியில், அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும், சில க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் வகை) டிஸ்க்குகளில் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த கேஷும் சுருங்கும். நான் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே வைத்திருக்கிறேன், எனக்கு அது பலன் தருகிறது.

எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டிபி டிஸ்க்குகளில் 600 டெராபைட் வரை எழுதலாம் என்ற உத்தரவாதம் சாதாரணமாகக் காணப்படுவது. தினமும் 30 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 11 டெராபைட்தான் ஆகும். என் டிஸ்க்கில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும் தேய்மானம் இன்னும் ஒற்றை இலக்க சதவீதத்தில்தான் நிற்கிறது. டிரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை டிஸ்க்குக்குத் தெரிவிப்பது) வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும், டீஃப்ராக்மென்ட் செய்யும் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சிஆர்சி பிழை (தரவு கேபிள் வழியாகப் போகும்போது வரும் பிழை) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகப்படும் முன் கேபிளை மாற்றுங்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது தேய்மானம் இல்லை, திடீரென்று போய்விடும் சாத்தியம்தான். ஹார்டு டிஸ்க் பழுதாகும் முன் பல சமயம் சத்தம் போடும், மெதுவாகும், கொஞ்சம் அவகாசம் தரும். எஸ்எஸ்டியில் கன்ட்ரோலர் (டிஸ்க்கை இயக்கும் சிப்) போனால் மறுநாள் பயாஸில் பெயரே இருக்காது, உள்ளே இருப்பதை மீட்பதும் மிகக் கடினம். அதனால் முதல் போர்ட்டுக்கு மாறிய அந்த ஹார்டு டிஸ்க்கை நான் விற்கவில்லை, வாரம் ஒருமுறை முழு நகல் அதில் போய்க்கொண்டிருக்கிறது.