இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் கவனத்துக்கு

அண்ணா நகரில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து, அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தார்கள். அதன் பிறகு அவருடைய கீழுதட்டின் இடப்பாதியும் மோவாயும் மரத்துப்போய், இன்றுவரை முழு உணர்ச்சி திரும்பவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நாளிதழுக்குள் வைத்து வந்த துண்டுப் பிரசுரத்தில் இருந்த தொகை, எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகுக்கு மட்டுமானது என்பதும், அதன்மேல் பொருத்தும் இணைப்புத் துண்டுக்கும், பல் வடிவ உறையான கேப்புக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதும் முன்பணம் கட்டிய பிறகே சொல்லப்பட்டன. பணத்தைக்கூட விட்டுவிடலாம். அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அவ்வகை மருந்துகளில் சில, அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் அழுகவும் காரணமாகலாம் என்பதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அங்கே சர்க்கரை உண்டா என்று கேட்டதோடு சரி.

எடுத்தது ஓ.பி.ஜி. எக்ஸ்ரே மட்டுமே. தாடை முழுவதையும் தட்டையாகக் காட்டும் அந்தப் படத்தில் எலும்பின் அகலம் தெரியாது. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அதற்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். கடைவாய்ப் பகுதியில் அதை நம்பகமாக அளக்க முப்பரிமாணப் படமான சி.பி.சி.டி. ஸ்கேன்தான் உதவும். அது எதற்கு, வீண் செலவு என்று எங்களிடம் சொல்லப்பட்டது.

மறுநாள் காலை அம்மா காபி குடிக்கும்போது அது உதட்டோரம் வழிந்து புடவையில் சொட்டியதை, நான் சொல்லும்வரை அவர் உணரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "வீக்கம் வத்தினா சரியாயிடும், பயப்படாதீங்கம்மா" என்றார்கள். பிறகு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மரத்துப்போகப் போடும் ஊசி மருந்தின் வீரியம் இறங்க வேண்டிய நேரம் கடந்தும் மரமரப்பு நீடித்தால், அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, திருகு நரம்பை அழுத்துகிறது என்றால் முதல் ஓரிரு நாட்களுக்குள் அதை வெளியே எடுப்பதுதான் நரம்பு மீள நல்ல வாய்ப்பைத் தரும். அந்த நாட்களை அவர்கள் ஆறுதல் சொல்லியே கடத்தினார்கள். அறுவை செய்தவரோ வெளியிலிருந்து வந்து போகும் நிபுணர். அவருடைய தொடர்பு எண்ணைத் தர வரவேற்பில் மறுத்துவிட்டார்கள்.

பிறகு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது, எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட், விட்டம் என்ன, நீளம் என்ன என்பதுதான். எங்களிடம் இருந்த ரசீதிலோ "இம்ப்ளான்ட் – 1" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி திருகின் வாயமைப்பும் அதைக் கழற்றும் கருவியும் மாறுபடுவதால், விவரம் இல்லாமல் வேறொரு மருத்துவர் கைவைக்கத் தயங்குகிறார். பத்து ஆண்டுகள் கழித்துக் கேப் ஆடினாலும் இதே சிக்கல்தான். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் கம்பெனி, அளவு, தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதில் ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டித் தரும்படி அறுவைக்கு முன்பே கேளுங்கள். தர முடியாது என்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

"மூன்றே நாளில் பல்" என்று நகரெங்கும் தட்டிகள் தொங்குகின்றன. உடனே பல் பொருத்தும் முறை இருப்பது உண்மை. ஆனால் அது எல்லாத் தாடைக்கும் ஒத்துவராது. வழக்கமான இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிப் பிடிக்க ஏறத்தாழ 3 முதல் 6 மாதம் ஆகும்.

பாதிக்கப்பட்டவர்கள் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலிலும் முறையிடலாம். அதற்கு முன், எக்ஸ்ரே உள்ளிட்ட முழுக் கோப்பின் நகலையும் கேட்டு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். மருத்துவமனையுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.