கல்லடிப் பாலத்தடியில் ஒரு பறுவ இரவு

2003-இல், சமாதான காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவோடு மட்டக்களப்புக்குப் போனேன். அப்போது எனக்கு 19 வயது. கல்லடியில் வாவிக்குள் மீன் பாடுவதைக் கேட்டே தீருவது என்றுதான் போனது. ஆனால் இருட்டின பிறகு பாலத்தடியில் நிற்க மாமா விடவே இல்லை. கேட்காமலே லண்டனுக்குப் போய்விட்டேன்.

இந்த முறை மனைவி, மகளோடு ஆடிப் பறுவத்தை, அதாவது பௌர்ணமியைப், பார்த்தே பயணத்தை வைத்தேன். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான பறுவ இரவுகளில்தான் நன்றாகக் கேட்குமாம். கொழும்பிலிருந்து உதயதேவி ரயில். முழுப் பகலையும் விழுங்கும் பயணம், ஆனால் வாழைச்சேனை தாண்டி வாவிக்காற்று முகத்தில் அடித்ததும் களைப்புப் போய்விட்டது.

தங்கிய இடத்தில்தான் மனம் நொந்தது. தொலைபேசியில் ஒரு விலை. கடவுச்சீட்டைக் கண்டதும் வேறு விலை. காசு போனால் போகட்டும். தமிழில் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே பில்லில் 'ஃபொரினர்' என்று எழுதியது நெஞ்சில் தைத்தது. போகிறவர்கள் எந்தக் கடவுச்சீட்டு என்பதை முதலே சொல்லி விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டோக்காரத் தம்பி அதற்கு நேர்மாறு. மீற்றர் போட்டு ஓடினார், கோட்டைக்குள் கூடவே வந்து காட்டினார். 1628-இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பறித்துவிட்டார்கள். அந்தத் தடித்த மதிலுக்குள்தான் பிறகு கச்சேரியும், அதாவது அரச அலுவலகமும், நடந்தது. முன்பு நான் வெளியே நின்று பார்த்த மதில். இப்போது மகள் அதன்மேல் கையை வைத்து, வெயில் சூட்டில் வெடுக்கென்று எடுத்தாள்.

இரவு கல்லடி. 1924-இல் திறந்த பழைய பாலம் ஒற்றை வழி; 2003-இல் எதிர்ப்பக்க வாகனங்கள் வந்து முடியும்வரை பஸ்ஸில் காத்துக் கிடந்தோம். இப்போது வாகனங்களுக்குப் பக்கத்தில் புதுப் பாலம் இருக்கிறது. பழைய இரும்புப் பாலத்தைத் தயவுசெய்து யாரும் கழற்றிவிடக்கூடாது. அதுதான் எனக்கு மட்டக்களப்பு.

தோணிக்கார ஐயா பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்முனையை மகளின் காதில் வைத்தார்.

"சத்தம் போடாமக் கேளுங்க மனே. மீன் எண்டுதான் சொல்லுவாங்க. ஊரி எண்ட நத்தைதான் பாடுது."

அவள் கண்ணை மூடினாள். கனநேரம் அசையவில்லை. பிறகு துடுப்பு என்னிடம் வந்தது. ஈர மரம் காதில் குளிர்ந்தது. முதலில் தண்ணீர் மட்டும். அப்புறம் அடியிலிருந்து, பானை விளிம்பில் ஈரவிரலை மெல்ல இழுப்பதுபோல ஒரு ரீங்காரம். நின்றது, திரும்ப வந்தது.

"கேட்குதா?" என்றாள் மனைவி.

"அம்மா, கதைக்காதேங்கோ" என்றாள் மகள்.