பத்து வருடமாகப் பார்க்கிறேன், சந்தா கட்ட வேண்டாம் என்கிறேன்

சென்ற வாரம் இங்கே மும்பையில் மாட்டுங்காவிலிருந்து தோழி போன் செய்தாள். படம் பார்க்கும் செயலி ஒன்று ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறதாம். அதில் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ இருக்கிறதாம். “பத்து வருடமாக நீ அதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறாய்? கட்டலாமா? நானும் அவரும் சேர்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டாள். இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது குரல் சற்று இறங்கியது. “கட்டாதே” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது. ஏன் என்று விளக்க நேரமில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

தொடரைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். இங்மர் பெர்க்மன் எழுதி இயக்கியது. 1973 ஏப்ரல் 11 அன்று ஸ்வீடன் தொலைக்காட்சியில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாக ஆறு புதன்கிழமைகள் வந்தது. மனைவி மரியானாக லிவ் உல்மன், கணவன் யோஹானாக எர்லாண்ட் ஜோசப்சன். ஒரு பகுதி முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். இருவர் பேசுகிறார்கள். பேசிப் பேசியே பிரிகிறார்கள், பிரிந்த பிறகும் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதையே மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கித் திரைப்படமாகவும் வெளியிட்டார்கள். அந்தச் சுருக்கத்தை ஒருமுறை பார்த்தேன். மறுமுறை பார்க்கத் தோன்றவில்லை.

என்னிடம் இருப்பது மூன்று டிவிடிகள் கொண்ட பெட்டி. 2014-ல் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தார். செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை முழுதாக ஐந்து முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தொடரை நான் சரியாகப் புரிந்துகொண்டது 2017 கோடையில், கட்டடத்து ஆட்களோடு சேர்ந்து பார்த்தபோதுதான். குழந்தைகளுக்கெல்லாம் விடுமுறை. ஸ்வீடனில் பார்த்ததைப் போலவே புதன்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். நான்கு வீட்டுத் தமிழர்கள். யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

மூன்றாம் மாடி மாமி தஞ்சாவூர்க்காரர். மெகா தொடர்களை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர். முதல் பகுதி முடிந்ததும், “ஒன்றுமே நடக்கவில்லையே, முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறான்” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. நம் தொடர்களிலும் முகத்தைத்தான் காட்டுவார்கள், ஆனால் ஒரே முகத்தை மூன்று தடவை இடி முழக்கத்தோடு காட்டுவார்கள். என்ன நினைக்க வேண்டும் என்பதை அந்த இடியே சொல்லிவிடும். இங்கே பின்னணி இசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஸ்வென் நிக்விஸ்டின் கேமரா ஒரு முகத்தின் அருகில் போய் நின்றால் அங்கேயே நிற்கும். நினைக்க வேண்டியதை நாமேதான் நினைக்க வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து உட்காரும் ஒருவருக்கு அது கூடுதல் வேலைதான்.

இரண்டாம் மாடியில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருந்தாள், கல்யாணமாகி எட்டு மாதம். முதல் பகுதியின் தொடக்கத்திலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகைக்காரி பேட்டி எடுக்கிறாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் யோஹான் தன் அறிவு, வெற்றி, இளமை என்று அடுக்கிக்கொண்டே போகிறான். மரியானின் முறை வருகிறது. யோஹானின் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்பதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. இத்தனைக்கும் அவள் விவாகரத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். “அக்கா, என்னைக் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்” என்றாள் அந்தப் பெண். பிறகு அந்த இரவு முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

மாமியைப் பிடித்து நிறுத்தியது இரண்டாவது பகுதி. மரியானின் அலுவலகத்துக்கு வயதான பெண்மணி ஒருவர் விவாகரத்துக் கேட்டு வருகிறார். கணவர் நல்லவர், சண்டை இல்லை, வேறு தொடர்பு இல்லை. திருமணத்தில் அன்பு இல்லை, அதுதான் காரணம். பிள்ளைகள் வளரட்டும் என்று பல வருடம் காத்திருந்திருக்கிறார். பேசிக்கொண்டே கையை மேசைமேல் வைக்கிறார். இந்த மேசையைத் தொடுகிறேன், தொட்ட உணர்வு மெலிந்து வறண்டு போயிருக்கிறது என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார். பார்ப்பது, கேட்பது எல்லாமே அப்படி ஆகிவிட்டதாம். அந்த நேரத்தில் நான் தற்செயலாகத் திரும்பினேன். மாமியின் கை எங்கள் டீப்பாயின் விளிம்பில் இருந்தது. காபி டம்ளர் வைத்து வைத்து வெளுத்த வட்டம் ஒன்று அந்த மரத்தில் உண்டு. அந்த வட்டத்தின்மேல் அவருடைய ஆள்காட்டி விரல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, பரிசோதித்துப் பார்ப்பதுபோல. அதற்குப் பிறகு மாமி ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. பிடித்திருக்கிறது என்று கடைசிவரை சொல்லவும் இல்லை.

எதிர் வீட்டு அண்ணா வங்கி அதிகாரி. மூன்றாவது பகுதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யோஹான் வீட்டுக்கு வந்து, பவுலா என்ற பெண்ணைக் காதலிக்கிறேன், நாளைக்கே அவளோடு பாரிஸ் போகிறேன் என்கிறான். மரியான் கத்தவில்லை. அவனுக்குப் பெட்டி அடுக்க உதவுகிறாள். “எந்தப் பெண் இப்படிச் செய்வாள்? நடக்காததைக் காட்டுகிறான்” என்று அண்ணா கோபமாக எழுந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவர் மனைவி மட்டும் தனியாக வந்து கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டி அடுக்கும் அந்தக் காட்சியைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

என் கணவர் முதல் தடவை பார்க்கும்போது கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார். இந்த முறை தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பெற்றோர் வீட்டுக்கு வர முடியாது என்று சொல்ல மரியான் போனை எடுத்து, சொல்ல முடியாமல் தோற்கிறாளே, அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் வெகுநாள் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

இந்தத் தொடரால் ஸ்வீடனில் விவாகரத்து கூடிவிட்டது என்று அடிக்கடி சொல்வார்கள். எங்கள் கூடத்திலும் அந்தப் பேச்சு வந்தது. 1974 ஜனவரி முதல் அங்கே சட்டமே மாறி, குற்றம் யார்மேல் என்று நிரூபிக்காமலே பிரியலாம் என்று ஆகிவிட்டது. அதை விட்டுவிட்டு ஆறு வாரத் தொலைக்காட்சித் தொடர்மேல் பழியைப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். சந்தா வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம்.

இந்தத் தொடரில் ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் எழுத்துகள் ஓடுவதில்லை. திரையில் ஃபோரோ தீவு வரும். பால்டிக் கடலில் இருக்கும் தீவு. பெர்க்மன் வாழ்ந்ததும், 2007-ல் இறந்ததும் அங்கேதான். கடல், கல், வானம். அவற்றின்மேல் பெர்க்மனே தன் குரலில் நடிகர்கள், கலைஞர்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போவார். இந்த அழகான படங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள், அதற்குள் நான் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன் என்ற பாவனையில், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம்தான்.

அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் எங்கள் கூடத்தில் நடந்ததை நான் ஆறு வாரமும் பார்த்தேன். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். விளக்கைப் போடவும் மாட்டார்கள். முக்கால் மணி நேரம் இரண்டு பேர் ஒருவரையொருவர் குதறுவதைப் பார்த்த பிறகு, பக்கத்தில் இருக்கும் ஆளை உடனே எப்படிப் பார்ப்பது? அந்தக் கடலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். துறைமுக ரயில் ஒன்று தூரத்தில் போகும் சத்தம் கேட்கும். பிறகு யாராவது தண்ணீர் கேட்பார்கள். இவர் எழுந்து போய்ச் சொம்பில் கொண்டுவருவார். பேச்சு அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கும். ஐந்தாவது பகுதியில், விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த இடத்தில் யோஹான் மரியானை அடித்து உதைக்கிறான். அன்று அந்தக் கடல் வரவில்லை என்றால் நாங்கள் எப்படி எழுந்து அவரவர் வீட்டுக்குப் போயிருப்போம் என்று தெரியவில்லை.

நான் 2023-ல் ஒரு செயலியில் சந்தா கட்டினேன். டிவிடி பிளேயர் மக்கர் செய்துகொண்டிருந்தது, ஐந்தாவது பகுதியில் படம் உறைந்து நின்றுவிடும். நியாயமாகச் சொன்னால், செயலியில் படம் தெளிவு. டிவிடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வந்து காணாமல் போகும்; செயலியில் அந்தத் தொல்லை இல்லை. பழைய தொலைக்காட்சியின் சதுரத்துக்கு எடுத்த படம் என்பதால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். இவர் ரிமோட்டை அழுத்தி அதை இழுத்துவிடுவார், நெற்றியும் தாடையும் வெட்டுப்படும். அந்தச் சண்டை எங்கள் இருவருக்குள் இருப்பது. செயலியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கடல்? மூன்றாவது பகுதியின் முடிவு. யோஹான் போய்விட்டான். மரியான் ஒரு நண்பருக்குப் போன் செய்கிறாள். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. கணவனின் இன்னொரு காதல் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, இவள் ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து நமக்குத் தொண்டை அடைக்கும்போது, திரையின் மூலையில் ஒரு பெட்டி முளைத்து, அடுத்த பகுதி ஐந்து நொடியில் என்று எண்ணத் தொடங்குகிறது. ஐந்து, நான்கு, மூன்று. சோபா இடுக்கில் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் ஃபோரோ போய்விட்டது, பெர்க்மன் வாய் மூடிவிட்டார், நான்காவது பகுதி ஆரம்பித்துவிட்டது. ஸ்வீடன்காரர்கள் ஒரு வாரம் வைத்திருந்த வலிக்கு எனக்கு ஐந்து நொடி.

உதவி மையத்துக்கு எழுதினேன். தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கிறது என்று பதில் வந்தது. நிறுத்தினேன். இப்போது அடுத்த பகுதி தானாக வருவதில்லை. ஆனால் கடல் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது, மீதித் திரை முழுக்க வேறு படங்களின் சிபாரிசு. மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில். எழுத்துகள் ஓடும் நேரம் யாருக்கும் வேண்டாத நேரம் என்று முடிவு செய்தவர்கள், இந்தத் தொடரை ஒருமுறையாவது கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். வருடம் முடிந்ததும் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.

2021-ல் ஹகாய் லெவி எடுத்த புது வடிவத்தையும் பார்த்தேன். ஐந்து பகுதிகள், ஜெசிகா சாஸ்டெய்ன், ஆஸ்கர் ஐசக். அதில் விட்டுப் போவது மனைவி. மாமிக்கு அதுதான் பிடித்தது. “இவள் பெட்டியை இவளே அடுக்கிக்கொண்டு போகிறாள்” என்றார். நடிப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதில் பகுதியின் தொடக்கத்தில் நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்துக்குள் நடந்து வருவதைக் காட்டுகிறார்கள், சுற்றிலும் முகக்கவசம் போட்ட ஊழியர்கள். இது நடிப்புதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் முடிவில்தான் தேவைப்படுகிறது.

இந்த மாதம் லேமிங்டன் ரோட்டில் பிளேயரைக் கொடுத்து லென்ஸைச் சுத்தம் செய்து வாங்கி வந்தேன். அறுநூற்றைம்பது ரூபாய். இந்தக் காலத்தில் யாரம்மா இதைப் பழுது பார்க்கிறார்கள் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் ஐந்தாவது பகுதியைத்தான் போட்டேன். உறையவில்லை. கடல் முழுதாக வந்தது. இவர் பேசாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதனால் தோழி, திருமணத்தைப் பற்றி நான் பார்த்தவற்றில் இதைவிட உண்மையான ஒன்று இல்லை. ஆனாலும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் கால் விலைக்குக் கொடுத்தாலும் சந்தா கட்டாதே. டிவிடிகளைத் தருகிறேன், பிளேயரையும் சேர்த்துத் தருகிறேன். சனிக்கிழமை சேடா நகர் முருகன் கோயிலுக்கு வருவாய் அல்லவா, அப்படியே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள். வாரம் ஒன்றுதான், கடல் முடியும்வரை இருவரும் எழுந்திருக்க வேண்டாம். அவர் தூங்கினால் எழுப்பாதே. சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டாய். உன் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். மூன்றாவது பகுதி பார்க்கும் புதன்கிழமை மட்டும், எத்தனை மணியானாலும், எனக்குப் போன் செய். எடுப்பேன்.